டில்லியில் இன்டர்ன்ஷிப் செய்துகொண்டே நீட் பிஜிக்குப் படிக்க நேரத்தை எப்படிப் பிரிப்பது?

கேட்டவர் டில்லியில் இன்டர்ன், அதாவது எம்பிபிஎஸ் முடித்து ஒரு வருடப் பயிற்சியில் இருப்பவர். மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளான நீட் பிஜி, ஐஎன்ஐ-சிஇடி (எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களுக்கானது) இரண்டும் எழுதப் போகிறார். தினம் எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும், ஹாஸ்டலை விட்டுக் கவுதம் நகரில் அறை எடுத்து அங்குள்ள கட்டண லைப்ரரிக்கு மாறலாமா என்பது கேள்வி.

முதலில் மணிக்கணக்கை விடுங்கள். "தினம் எட்டு மணி நேரம்" என்று டைம்டேபிள் போட்டு ஒட்டிய இன்டர்ன் யாரும் இரண்டாவது வாரத்தைத் தாண்டியதில்லை. கேஷுவாலிட்டி (அவசரப் பிரிவு) டூட்டி உங்கள் டைம்டேபிளைக் கேட்டுக்கொண்டு வராது. மணிக்குப் பதிலாக 42 நிமிடத்தை அளவாக வையுங்கள்.

ஏன் 42? நீட் பிஜியில் 200 கேள்வி, மூன்றரை மணி நேரம். 2024 முதல் அதை ஐந்து பகுதியாகப் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் 40 கேள்வி, 42 நிமிடம். ஒரு பகுதியின் நேரம் முடியும்வரை அடுத்ததற்குப் போக முடியாது, முடிந்த பகுதிக்குத் திரும்பவும் முடியாது. ஒரு கேள்விக்கு 63 விநாடி. ஐஎன்ஐ-சிஇடியில் அதே 200 கேள்விக்கு மூன்று மணி நேரம், ஆகவே 54 விநாடிதான். அதனால் படிப்பும் அதே அளவில் நடக்கட்டும். 40 கேள்வி, 42 நிமிடம், நடுவில் விடையைப் பார்க்காமல். அதன்பின் ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரம் விளக்கங்களைப் படிப்பது. இது ஒரு பிளாக், மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும்.

டூட்டி நாளில் பிளாக் எதுவும் வேண்டாம். நைட் முடிந்து வந்த நாளில் ஐந்தாறு மணி நேரம் தூங்கி எழுந்து மாலையில் ஒன்று. பகலில் மட்டும் துறையில் வேலை இருக்கும் சாதாரண போஸ்டிங் நாளில் இரண்டு. விடுப்பு நாளில் நான்கு. வாரத்தில் இரண்டு டூட்டி, இரண்டு போஸ்ட்-டூட்டி, இரண்டு சாதாரண நாள், ஒரு விடுப்பு என்று வைத்தால் பத்து பிளாக், அதாவது 400 கேள்வி. நாற்பது வாரத்தில் 16,000. தினம் எட்டு மணி நேரம் என்று சொல்லிக்கொண்டு கோச்சிங் ஆப் வீடியோ பார்ப்பவர்களில் பாதிப் பேர் இந்த எண்ணிக்கையைத் தொடுவதில்லை.

வீடியோவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, ஆசிரியர் சொல்வதை வரிக்கு வரி நோட்டில் எழுதினால் படித்த திருப்தி நன்றாகவே வரும். கேள்வி வந்தால் பதில் வராது. பைனல் இயரில் ஒழுங்காகப் படித்தவர் என்றால் கிளினிக்கல் பாடங்களில் கேள்வியிலிருந்தே ஆரம்பியுங்கள். ஒரு தலைப்பில் 40க்கு 20கூட வரவில்லையென்றால் அந்தத் தலைப்புக்கு மட்டும் வீடியோ. அனாடமி, பயோகெமிஸ்ட்ரி போல முதல் வருடத்தோடு மறந்துபோன பாடங்களுக்கு முழு வீடியோ பார்ப்பதில் தப்பில்லை. ஆப் எதுவாக இருந்தாலும் ஒன்றே ஒன்று போதும். இரண்டு ஆப் சந்தா கட்டியவர்கள் இரண்டிலும் பாதி வழியில் நெஃப்ராலஜியோடு நிற்பார்கள்.

வார்டை எதிரியாக நினைப்பவர்கள்தான் அதிகம். ஆனால் இன்டர்னுக்கு உள்ள ஒரே அனுகூலம் அந்த வார்டுதான், அதை வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். எந்தப் போஸ்டிங்கோ அந்தப் பாடத்தையே அந்த மாதம் எடுங்கள். உதாரணத்துக்கு லேபர் ரூம். பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் போகிறது (அடோனிக் பிபிஎச்), ஆக்சிடோசின் கொடுத்தாயிற்று, நிற்கவில்லை. சீனியர் கையை நீட்டும்போது அடுத்து எந்த ஊசியை எடுத்துக் கொடுப்பது? நோயாளிக்கு ஆஸ்துமா இருந்தால் கார்போப்ரோஸ்ட் கூடாது, மூச்சுக்குழலை இறுக்கிவிடும். பிபி அதிகமாக இருந்தால் மெத்தர்ஜின் கூடாது, இன்னும் ஏற்றிவிடும். தேர்வில் இதே கேள்வி "ஆஸ்துமா உள்ள 28 வயதுப் பெண்" என்று நான்கு வரிக் கதையாக வரும். பிபி 110/70 என்று நடுவில் ஒளிந்திருக்கும், அதைப் பார்த்தவர் மெத்தர்ஜினைத் தொடுவார். அன்று இரவே அந்தத் தலைப்பில் 20 கேள்வி போட்டால் தேர்வு வரைக்கும் மறக்காது.

கம்யூனிட்டி மெடிசின் போஸ்டிங் 12 வாரம். ஊருக்குப் போய் இருந்துவிட்டு வரலாம் என்று கை துறுதுறுக்கும். அந்த மூன்று மாதம்தான் வருடத்திலேயே பெரிய பிடிமானம். பிஎஸ்எம் எனப்படும் இந்தப் பாடத்துடன் பெத்தாலஜியையும் பார்மகாலஜியையும் அப்போதே முதல் ரவுண்டு முடித்துவிடுங்கள். மெடிசின், சர்ஜரி, மகப்பேறு போஸ்டிங்குகளில் புதிதாக எதையும் எடுக்க வேண்டாம், பிளாக்குகள் மட்டும் ஓடட்டும்.

இனி தப்பு நோட்டு. தேர்வுக்கு முந்தைய வாரம் உங்கள் கையில் இருக்கப்போவது இது ஒன்றுதான், ஆகவே எப்படி எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். விளக்கத்தை அப்படியே காப்பி எடுத்து எழுதாதீர்கள். ஒரு தப்புக்கு ஒரு வரி, அதுவும் நீங்கள் எங்கே வழுக்கினீர்களோ அந்த இடம் மட்டும். மேலே சொன்ன கேள்விக்கு "அடோனிக் பிபிஎச்: ஆஸ்துமா – கார்போப்ரோஸ்ட் வேண்டாம், பிபி – மெத்தர்ஜின் வேண்டாம்" என்ற அளவுக்குப் போதும். வரியின் ஓரத்தில் ஓர் எழுத்து போடுங்கள். தெரியாததற்கு "தெ", இரண்டைக் குழப்பிக்கொண்டதற்கு "கு", கேள்வியைச் சரியாகப் படிக்காததற்கு "ப". குருட்டாம்போக்கில் அடித்துச் சரியாக வந்ததற்கு "அ". இந்தக் கடைசி வகையைப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. ஆப்பில் பச்சையாகத் தெரிகிறதே என்று கடந்துவிடுவார்கள், அடுத்த முறை அதே கேள்வி சிவப்பாகும்.

மாதக் கடைசியில் எந்த எழுத்து அதிகம் என்று பாருங்கள். "தெ" அதிகம் என்றால் படிப்பு போதவில்லை. "கு" அதிகம் என்றால் புதிதாகப் படிப்பதை நிறுத்திவிட்டு ரிவிஷனுக்கு வர வேண்டும். "ப" அதிகம் என்றால் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் படித்தால் அது கூடுமே தவிரக் குறையாது.

கிராண்ட் டெஸ்ட், அதாவது முழு மாதிரித் தேர்வு, இன்டர்ன்ஷிப் காலத்தில் மாதம் ஒன்று, கடைசி மூன்று மாதத்தில் மூன்று வாரத்துக்கு ஒன்று. அதைக் காலை 9 மணிக்கே எழுதுங்கள். 2025 நீட் பிஜி காலை 9 முதல் பன்னிரண்டரை வரை நடந்தது. நைட் டூட்டியில் பழகிய உடம்பு இரவு பதினொன்றுக்கு நன்றாக வேலை செய்யும், காலை பத்தரைக்குக் கண்ணைச் சொருகும். இதைத் திருப்பக் கொஞ்ச நாள் ஆகும். டெஸ்ட் எழுதிய நாளிலும் மறுநாளிலும் வேறு படிப்பு வேண்டாம், 200 கேள்வியையும் அலசுவது மட்டுமே வேலை. ரேங்கைப் பார்த்துவிட்டு மூடி வைப்பதாக இருந்தால் டெஸ்ட் எழுதவே வேண்டாம்.

ஒரு பகுதிக்குள் 42 நிமிடத்தை இப்படிப் பிரித்துப் பழகுங்கள். முதல் 30 நிமிடத்தில் நாற்பதையும் ஒரு சுற்று, கேள்விக்கு 45 விநாடி. முக்கால் நிமிடம் தாண்டியும் பிடி கிடைக்கவில்லையென்றால் குறி வைத்துவிட்டு நகருங்கள். மீதி 12 நிமிடம் குறி வைத்த பத்துப் பன்னிரண்டுக்கு. நீளமான கேஸ் என்றால் முதலில் கடைசி வரியைப் படியுங்கள். நோய் என்ன என்று கேட்கிறார்களா, அடுத்த பரிசோதனையா, சிகிச்சையா என்பது தெரிந்தபின் மேலே போனால் பாதி வரிகள் தேவையே இல்லை என்று தெரியும். பொருந்தாததைக் கேட்கும் "எக்செப்ட்" கேள்விகளில் நான்கு ஆப்ஷனையும் சரி, தப்பு என்று மனதுக்குள் குறித்துக்கொண்டே வாருங்கள். முதலில் கண்ணில் படும் சரியான வாக்கியத்தைத் தொட்டுவிடுவதுதான் அங்கே வழக்கமான விபத்து.

தெரியாத கேள்வியை விடுவதா, அடிப்பதா? இரண்டு தேர்வுக்கும் கணக்கு வேறு. நீட் பிஜியில் சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு. ஒன்றுமே தெரியாமல் 20 கேள்வி அடித்தால் சராசரியாக 5 சரி வரும்: 20 மார்க் வந்து 15 போகும், நிகரம் 5. இரண்டு ஆப்ஷனை நீக்க முடிந்தால் அதே 20 கேள்வியில் 10 சரி: 40 வந்து 10 போகும், நிகரம் 30. ஆகவே நீட் பிஜியில் காலியாக விடுவதில் லாபமே இல்லை. ஐஎன்ஐ-சிஇடியில் சரிக்கு 1, தப்புக்கு மூன்றில் ஒன்று. குருட்டாம்போக்கில் 20 அடித்தால் 5 வந்து 5 போகும், நிகரம் பூஜ்யம். அங்கே ஓர் ஆப்ஷனையாவது நீக்க முடிந்தால் மட்டும் கை வையுங்கள். பல வாக்கியங்களைக் கொடுத்து எவை சரி என்று கேட்கும் வகை அங்கே நிறைய வரும், அரைகுறை அறிவு அதில் செல்லாது.

சீனியர் கொடுத்த நோட்ஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஃபாரன்சிக்கில் (சட்ட மருத்துவம்) 2024 ஜூலை 1 முதல் ஐபிசி என்ற பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கவனக்குறைவால் மரணம், பழைய 304ஏ, இப்போது 106. கொடுங்காயம் 320 இப்போது 116. வரதட்சிணை மரணம் 304பி இப்போது 80. மரண வாக்குமூலம் சாட்சியச் சட்டம் 32இலிருந்து புதிய சாட்சியச் சட்டத்தில் 26. பிஎஸ்எம்மில் காசநோய்த் திட்டம் ஆர்என்டிசிபி என்று இருந்தால் அந்த நோட்ஸ் 2020க்கு முந்தையது, இப்போது என்டிஇபி. தடுப்பூசி அட்டவணையில் 9 மாதத்தில் மூன்றாவது எஃப்ஐபிவி (போலியோ ஊசி) 2023இல் சேர்ந்தது. எம்டிபி (கருக்கலைப்பு) சட்டம் 2021இல் மாறியது. எண்டோமெட்ரியல் (கர்ப்பப்பை உட்சுவர்) கேன்சரின் நிலைகளைப் பிரிக்கும் ஃபைகோ ஸ்டேஜிங் 2023இல் மாறியது. இவற்றை நோட்ஸில் சிவப்பு மையால் திருத்திவிட்டுப் படிக்க ஆரம்பியுங்கள். பழையதை ஒருமுறை மனப்பாடம் செய்துவிட்டால் அதை அழிப்பது புதிதாகப் படிப்பதைவிடக் கஷ்டம்.

இன்டர்ன்ஷிப் முடிந்தபின் நீட் பிஜிக்குக் கிடைக்கும் கடைசி மூன்று மாதம். (2024இல் தேர்வு ஆகஸ்ட் 11, 2025இல் ஆகஸ்ட் 3. ஐஎன்ஐ-சிஇடி மே, நவம்பர் என்று வருடம் இரண்டு முறை.) 65 நாள், பிறகு 21 நாள், பிறகு 5 நாள் என்று மூன்று ரவுண்டு வையுங்கள். 65இல் ஆறு நாள் கிராண்ட் டெஸ்டுக்கும் அலசலுக்கும் போகும். மீதியில் மெடிசின் 6. சர்ஜரி, மகப்பேறு, பிஎஸ்எம், பெத்தாலஜி தலா 5. பார்மகாலஜி, மைக்ரோ, அனாடமி தலா 4. குழந்தை மருத்துவம், பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி தலா 3. கண், இஎன்டி, ஆர்த்தோ, ஃபாரன்சிக் தலா 2. தோல், மனநலம், மயக்கவியல், ரேடியாலஜி தலா ஒரு நாள். இரண்டாவது ரவுண்டில் சீக்கிரம் மறக்கும் பாடங்களைக் கடைசியில் தள்ளுங்கள்: பிஎஸ்எம், பார்மகாலஜி, மைக்ரோ, பயோகெமிஸ்ட்ரி. கடைசி 5 நாள் தப்பு நோட்டும் படங்களும் மட்டும். எக்ஸ்ரே, ஈசிஜி, ஃபண்டஸ், ஸ்லைடு, கருவிகள்.

கவுதம் நகர் விஷயம். இன்டர்ன்ஷிப் நடக்கும்போது மாறாதீர்கள். கல்லூரி டில்லியின் வேறு மூலையில் இருந்தால் போக வர நேரமே ஒரு பிளாக்கைத் தின்றுவிடும். முடிந்தபின் போவதானால் எய்ம்ஸுக்குப் பின்னால் கவுதம் நகர், யூசுப் சராய் பக்கம் லைப்ரரிகளுக்குக் குறைவில்லை. பேஸ்மென்ட் வேண்டவே வேண்டாம். 2024 ஜூலையில் பழைய ராஜேந்தர் நகரில் பேஸ்மென்டில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். வெள்ளம் வராவிட்டாலும் காற்று ஓடாத அறையில் மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் மேஜையில் தலை சாய்த்திருப்பார்கள். நிரந்தர சீட்டா, ப்ளக் பாயின்ட் வேலை செய்கிறதா, பவர்கட்டில் இன்வெர்ட்டர் ஏசியை இழுக்குமா, கழிப்பறை எப்படி என்று மதிய நேரத்தில் போய்ப் பாருங்கள். முதல் மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள், மூன்று மாதத் தள்ளுபடியில் விழாதீர்கள்.

மயூர் விஹாரிலோ முனிர்க்காவிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அறை எடுக்காமலே சமாளிக்கலாம், வேளாவேளைக்கு ரசம் சாதமும் கிடைக்கும். மயூர் விஹார் ஃபேஸ் 1இலிருந்து மெட்ரோ பிங்க் லைனில் ஐஎன்ஏ, அங்கே மாறி மஞ்சள் லைனில் அடுத்த ஸ்டேஷன் எய்ம்ஸ். முனிர்க்கா என்றால் மெஜன்டாவில் ஹௌஸ் காஸ், மாறினால் அடுத்தது கிரீன் பார்க். சுரங்கத்துக்குள் சிக்னலை நம்ப வேண்டாம், படக் கேள்விகளை முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொண்டு ஏறுங்கள். ஆனால் அந்த வீட்டில் கல்யாணம், கிரஹப்பிரவேசம் என்று நடந்துகொண்டே இருந்தால் அறை வாடகை கொடுப்பதே மேல்.

தேர்வு நாளுக்கு அட்மிட் கார்டு, ஒரிஜினல் அடையாள அட்டை இவற்றோடு மெடிக்கல் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் நகலும் வேண்டும். நிரந்தரப் பதிவு கைக்கு வந்திருக்காவிட்டால் இன்டர்ன்ஷிப்புக்கு வாங்கிய புரொவிஷனல் செல்லும். அதை முந்தின இரவு ஜெராக்ஸ் கடை தேடாமல் ஒரு வாரம் முன்பே எடுத்து ஃபைலில் வைத்துவிடுங்கள்.