தூதருக்கு 48 மணி நேரக் கெடு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாட்டில் வெளிநாட்டுத் தூதர்களின் பாடு என்ன என்று போன வாரம் பாளையங்கோட்டையில் என் மாணவர்களிடம் பேசினேன். அதைக் கேட்டவர்களும், அவர்கள் வீட்டுக்காரர்களும் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். சர்வதேசச் சட்டம் நடத்துகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜரில் பிரெஞ்சுத் தூதரை 48 மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்களே, அவர் எப்படி ஒரு மாதம் போகாமல் இருந்தார், சார்? (வள்ளியூர் மாணவி)

2023 ஜூலை 26 அன்று அதிபரின் காவல்படைத் தலைவர் ஜெனரல் தியானியின் ஆட்கள் அதிபர் பசூமைச் சிறைபிடித்தார்கள். ஆகஸ்ட் 25 அன்று தூதர் சில்வான் இத்தேவுக்குக் கெடு வந்தது. தூதர்களைப் பற்றிய 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, 9ஆம் பிரிவின்படி, ஒரு நாடு எந்தத் தூதரையும் காரணமே சொல்லாமல் "ஏற்கத்தகாதவர்" என்று அறிவிக்கலாம். அப்படி அறிவித்தால் அவர் போய்த்தான் ஆக வேண்டும்.

ஆனால் அறிவிக்கிறவர் யார் என்பதில்தான் சிக்கல். "எங்களுக்கு நைஜர் அரசு என்றால் அது பசூம்தான். சிப்பாய்கள் சொன்னால் எங்கள் தூதர் ஏன் கிளம்ப வேண்டும்?" என்பது பாரிஸின் வாதம். ராணுவம் அவருடைய விசாவை ரத்து செய்தது, தூதரகத்துக்குள் சாப்பாடு போகவிடாமல் தடுத்தது. தூதர் ராணுவ ரேஷனைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று பிரெஞ்சு அதிபர் மக்ரோனே சொன்னார். செப்டம்பர் 27 அன்று இத்தே கிளம்பினார். வருஷக் கடைசிக்குள் பிரெஞ்சுப் படையும் போய்விட்டது. பாரிஸின் வாதத்தில் ஓட்டை இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் வாசலில் துப்பாக்கியோடு நிற்பவனிடம் வாதம் எத்தனை நாள் செல்லும்?

உள்ளே புகுந்து இழுத்துக்கொண்டு போயிருக்க முடியாதா? (அதே மாணவி)

கூடாது. 22ஆம் பிரிவின்படி தூதர் அனுமதிக்காமல் போலீஸ்கூட உள்ளே கால் வைக்கக்கூடாது. தூதரகத்துக்குக் காவல் கொடுப்பதும் அந்த நாட்டின் கடமை.

மியான்மரில் பிரிட்டன் தூதர் இருக்கவும் செய்தார், இல்லாமலும் போனார் என்கிறீர்கள். ஒன்றும் புரியவில்லை, அண்ணாச்சி. (சங்கரன்கோவில், ஜவுளிக்கடைக்காரர்)

புதுத் தூதர் ஒருவர் வந்ததும் தன் நாட்டின் நியமனக் கடிதத்தை அந்த நாட்டுத் தலைவர் கையில் கொடுக்க வேண்டும். 2021 பிப்ரவரி 1க்குப் பிறகு மியான்மரில் அந்தக் கை, ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி மின் ஆங் லைங்கின் கை. கடிதம் கொடுக்கும் படம் மறுநாள் அரசுப் பத்திரிகையில் வந்துவிட்டால், அவரைத் தலைவராக ஒப்புக்கொண்டதாகத்தான் ஊர் பேசும். அதனால் பிரிட்டன் தன் தூதர் பீட் வௌல்ஸின் பதவியை "பொறுப்புத் தூதர்" என்று இறக்கிவிட்டது. பொறுப்புத் தூதர் தலைவரிடம் கடிதம் கொடுக்க வேண்டியதில்லை. ராணுவம் அதை ஏற்கவில்லை. 2022 ஜூலையில் அவர் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

நம் பக்கம் பேச்சுவார்த்தை அற்றுப்போன சொந்தக்காரர் வீட்டில் துக்கம் என்றால் போய் நிற்போம், கல்யாணம் என்றால் போய் மொய் எழுத மாட்டோம். தூதரகம் இருப்பது துக்கத்துக்குப் போவது. கடிதம் கொடுப்பது மொய் எழுதுவது.

தூதரே ராணுவத்தை எதிர்த்தால்? (அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

மியான்மரின் ஐ.நா. தூதர் சோ மோ துன் 2021 பிப்ரவரி 26 அன்று பொதுச் சபையில் எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரலை உயர்த்திக் காட்டினார். மறுநாளே ராணுவம் அவரைப் பதவிநீக்கியது. ஆனால் ஐ.நா.வில் யார் உட்காருவது என்பதை ராணுவம் முடிவு செய்ய முடியாது. எந்த நாட்டுக்கு யார் பிரதிநிதி என்று பார்க்கும் ஐ.நா.வின் நற்சான்றுக் குழு முடிவைத் தள்ளிப்போட, நாற்காலி அவரிடமே இருந்தது.

லண்டனில் நடந்தது வேறு. அங்கே மியான்மர் தூதராக இருந்த சோ சுவார் மின் முன்னாள் ராணுவக்காரர்தான். ராணுவம் சிறைவைத்த தலைவர் ஆங் சான் சூச்சியை விடுவிக்கச் சொன்னார். ஏப்ரல் 7 அன்று அவர் வெளியே போயிருந்த நேரத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களே கதவைப் பூட்டிவிட்டார்கள். தன் தூதரகத்துக்கு எதிரே தெருவில் காருக்குள் படுத்து அந்த இரவைக் கழித்தார் அவர். பிரிட்டன் கண்டித்தது. ஆனாலும் தன் தூதரை நீக்குவது அனுப்பிய நாட்டின் உரிமை என்பதால் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

துணிந்து நின்ற தூதர் யாராவது உண்டா? (தென்காசி)

உண்டு. ஹரால்டு எடல்ஸ்டாம். 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அங்கே ஸ்வீடன் தூதராக இருந்தார். சாந்தியாகோவில் கியூபத் தூதரகத்தை ராணுவம் சுட்டுக்கொண்டிருந்தது. கியூபாக்காரர்கள் நாட்டை விட்டுப் போனதும் எடல்ஸ்டாம் அந்தக் கட்டடத்தைத் தன் பொறுப்பில் எடுத்து ஸ்வீடன் கொடியை ஏற்றினார். கொடி ஏறியதும் அதே சுவர் சிப்பாய் தாண்டக்கூடாத சுவராகிவிட்டது. உயிருக்குப் பயந்து வந்தவர்களை உள்ளே சேர்த்துக்கொண்டார். கைதிகள் அடைக்கப்பட்டிருந்த தேசிய விளையாட்டரங்கத்துக்கே போய் ஆட்களை மீட்டு வந்தார். டிசம்பரில் அவரை வெளியேற்றினார்கள். அதற்குள் எத்தனையோ உயிர்கள் தப்பிவிட்டன.

இந்தியா மியான்மர் ராணுவ அணிவகுப்புக்கு ஆள் அனுப்பியது சரியா? (திருச்செந்தூர்)

2021 மார்ச் 27 அணிவகுப்புக்கு எட்டு நாடுகள் பிரதிநிதிகளை அனுப்பின, இந்தியாவும் ஒன்று. அதே நாளில் மியான்மர் தெருக்களில் நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1,643 கிலோமீட்டர் எல்லை, மறுபக்கம் சீனா என்று டெல்லி சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்குப் போயிருக்கக்கூடாது.

ஆனால் தூதரகத்தை மூடியிருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். 1962இல் பர்மாவில் (இன்றைய மியான்மர்) ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு ரங்கூனில் எங்கள் தாத்தாவின் கடை அரசுடைமையானது. 1964 மே மாதம் 50, 100 சாட் (பர்மா நாணயம்) நோட்டுகள் செல்லாது என்றார்கள். கப்பலேறக் காகிதம் வாங்க ஆச்சி கைக்குழந்தையோடு மூன்று நாள் இந்தியத் தூதரக வாசலில் வரிசையில் நின்றார். அந்தச் செல்லாத 100 சாட் நோட்டு ஒன்று இன்னும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், ஆச்சியின் கண்டாங்கிச் சேலை மடிப்புக்குள் இருக்கிறது. அன்றைக்கு அந்த வாசல் பூட்டியிருந்தால் ஆச்சி யாரிடம் போய் நின்றிருப்பார்?

என் தம்பி நைஜரில் மின்கம்பி இழுக்கும் வேலையில் இருக்கிறான். என்ன செய்ய வேண்டும், அண்ணே? (கடையநல்லூர்)

முதலில், நியாமேயில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அவர் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2023 ஆகஸ்டில் வான்வெளியை மூடிய சமயத்தில், இந்தியர்கள் கிளம்பிவிடுங்கள் என்று வெளியுறவு அமைச்சகம் சொன்னது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் தூதரகம் உதவ முடியும். அப்புறம், பாஸ்போர்ட்டை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவைக்க வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எல்லாப் பக்கத்துக்கும் நகல் எடுத்து உங்களுக்கு ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். தம்பி வேலை செய்யும் ஊர் பெயர், கம்பெனி பெயர், மேஸ்திரியின் போன் நம்பர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். ஏதாவது என்றால் சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.