நான்கடித் தொட்டியில் பிக்காசோ: யார் இருப்பது, யார் போவது?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். 120 செ.மீ. நீளம், 45 அகலம், 50 உயரமுள்ள கடல்நீர்த் தொட்டி ஒன்றரை வருடமாக நன்றாக ஓடுகிறது. உள்ளே இரண்டு கோமாளி மீன், மூன்று பச்சை குரோமிஸ், ஒரு மஞ்சள் டேங் மீன், ஒரு கிளீனர் இறால். மூன்று வாரத்துக்கு முன் விரல் நீளப் பிக்காசோ டிரிகர் மீன் ஒன்றை வாங்கி விட்டேன். "சின்னதுதான், பழகிவிடும்" என்றார் கடைக்காரர். முதல் இரவே இறாலைக் காணோம். இப்போது குரோமிஸிலும் ஒன்று குறைகிறது, ஒரு கோமாளியின் வால் கிழிந்திருக்கிறது. தீனி கூட்டினால் அடங்குமா? ஜோடிக்கு இன்னொன்று விட்டால்? திருப்பிக் கொடுக்கலாம் என்றால் பிள்ளைகள் அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள்.

பதில்: பேர் வைத்துவிட்டார்களா? அப்படியானால் கடைக்குத் திருப்புவது லேசில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஒன்று பதினோரு வருடம் இருந்தது.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன், தம்பி. இந்தத் தொட்டியில் பிக்காசோ இருக்கலாம், இல்லையென்றால் மற்றவை இருக்கலாம். தீனி கூட்டினால் கொஞ்சம் மந்தமாகும், குணம் மாறாது. இன்னொரு பிக்காசோவை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான்கடியில் இரண்டு என்றால் ஒன்று மூலையில் ஒடுங்கிச் சாகும்.

கடைக்காரர் மேலும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். குட்டியில் எல்லா டிரிகரும் சாதுவாகத்தான் தெரியும். அடுத்த முறை தொட்டி முன் நிற்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதன் வாய். பிக்காசோவுக்கு முகம் நீளம், வாய் கீழே, கண் எங்கோ உச்சியில். தரையில் கிடக்கும் கடல் முள்ளெலியையும் நண்டையும் சிப்பியையும் உடைத்துத் தின்னும்போது முள் கண்ணில் படாதபடி அமைந்த முகம் அது. முள்ளெலியைப் புரட்ட வாயால் தண்ணீரைப் பீய்ச்சுவதும் உண்டு. அப்படிப்பட்ட வாய்க்கு முன்னால் ஒரு கிளீனர் இறாலை விட்டால் முதல் இரவே காணாமல் போவதில் ஆச்சரியமில்லை.

கிளவுன் டிரிகர், ஆரஞ்சுக் கோடு போட்ட அன்டியுலேட், முக்கால் மீட்டர் வரை வளரும் டைட்டன் எல்லாம் இந்தத் தரை மேய்கிற கூட்டம்தான். சோட்வானா விரிகுடாவில் முக்குளிக்கும் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள், முட்டை காக்கும் டைட்டன் துரத்தினால் மேலே போகாதே, பக்கவாட்டில் நீந்து என்பார்கள். அதன் ஆட்சி எல்லை கூட்டிலிருந்து புனல் மாதிரி மேல்நோக்கி விரிந்து போகும். பிக்காசோவுக்கும் கடலில் ஒரு மணல் திட்டு, ஒரு பொந்து, சுற்றிலும் சொந்த எல்லை என்று உண்டு. உங்கள் தொட்டியின் நான்கு கண்ணாடியும் அந்த எல்லைக்கு உள்ளேதான் வருகின்றன. எல்லைக்கு வெளியே ஓடித் தப்பிக்க உங்கள் கோமாளிக்கு இடமே கிடையாது.

சரி, இன்றைக்குச் செய்ய வேண்டியது. முதலில் அதைத் தனியாக்குங்கள். மின்விளக்குகளுக்கு அடியில் மாட்டும் பிளாஸ்டிக் கட்டத் தட்டு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதை வெட்டித் தொட்டிக்குக் குறுக்கே செருகினால் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கலாம். பிடிப்பதற்கு வலையைத் தொடாதீர்கள். இந்த மீனின் முதுகில் முதல் முள் கெட்டியாக நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும், வலையில் மாட்டினால் மீனும் கிழியும், வலையும் கிழியும். ராத்திரி பாறை இடுக்கில் படுத்து இதே முள்ளை ஊன்றிக்கொண்டுதான் தூங்குகிறது. அதனால் விளக்கு எரியும்போது, தீனி போட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஓட்டிப் பிடியுங்கள்.

என் தாத்தா டர்பன் கரையில் கரைவலை இழுத்தவர். வலையில் இந்த இனத்து மீன் வந்தால் "கிளாத்தி" என்பார். எல்லாரும் பெரிய முள்ளை மடக்கப் பார்த்துத் திணறுவார்கள். அவர் அதற்குப் பின்னால் இருக்கும் குட்டி முள்ளைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார், பெரியது தானாகப் படுத்துவிடும். ஆங்கிலத்தில் அதற்குத் துப்பாக்கி விசையின் பெயர் வந்ததே இதனால்தான் என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. உங்களுக்கும் எப்போதாவது வலையில் சிக்கினால் இந்த வித்தை உதவும். விரலைக் கடிக்கு எட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நிரந்தர ஏற்பாடு. பிள்ளைகள் ஜெயித்து பிக்காசோதான் இருக்கும் என்றால், கோமாளிகளையும் குரோமிஸையும் வேறு தொட்டிக்கோ நண்பர் வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். உங்கள் தொட்டி கணக்குப்படி 270 லிட்டர். பாறையும் மணலும் போக 220 தேறினால் அதிகம். இது 25 செ.மீ.க்கு வளர்கிற மீன், பத்து வருடத்துக்கு மேலும் வாழும். ஒரு வருடத்துக்குள் ஆறடி, 500 லிட்டர் பக்கம் போக வேண்டியிருக்கும் என்று இப்போதே வீட்டில் சொல்லி வையுங்கள். அங்கே துணைக்கு யார்? பெரிய டேங் மீன்கள், முரட்டு ராஸ், நன்றாக வளர்ந்த பெரிய ஏஞ்சல், சோல்ஜர் மீன், மொரே விலாங்கு. லயன் மீன் வேண்டாம். மெதுவாக மிதக்கும் அந்த நீண்ட துடுப்புகளை டிரிகர் ஒவ்வொன்றாகக் கொறித்துவிடும்.

இதில் வரிசை முக்கியம். மற்ற மீன்களை முதலில் விட்டு, அவை இடம் பிடித்துத் தைரியமாகத் திரிந்த பிறகு, டிரிகரைக் கடைசியாக விட வேண்டும். விடுவதற்கு முன் பாறைகளை மாற்றி அடுக்குங்கள், டிரிகர் தொட்டியில் ஏற்கெனவே இருந்தால் அது இன்னும் அவசியம். பழைய பொந்து தெரியாமல் போனால் எல்லாருமே புதிதாக வந்தவர்கள்தான். நான் இதைச் செய்யாமல் ஒருமுறை மாட்டினேன். அன்டியுலேட் ஒன்று ராஜாவாக இருந்த தொட்டியில், பார்த்தால் பாவமாக இருக்கிறதே என்று ஒரு ஏஞ்சலை நேராக விட்டேன். காலை ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டால் ஏஞ்சலின் வால் முழுதும் பிஸ்கட்டைக் கடித்த மாதிரி அரைவட்டம் அரைவட்டமாக இருந்தது. டிரிகர் பொந்து வாசலில் நின்றுகொண்டு என்னையே பார்த்தது. கிளவுன் டிரிகர் பற்றியும் ஒரு எச்சரிக்கை: இரண்டு வருடம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு ஒரே வாரத்தில் தொட்டியைக் காலி செய்த கதை இந்தப் பொழுதுபோக்கில் எல்லாரிடமும் ஒன்று இருக்கும்.

கோமாளிகள்தான் ஜெயித்தால், டிரிகர் ஆசையை விட வேண்டியதில்லை, இனத்தை மாற்றுங்கள். வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும் டிரிகர்கள் சில உண்டு. அவை நடுத்தண்ணீரில் மிதந்து வரும் மிதவையுயிர்களைத் தின்பவை. அவற்றில் எனக்குப் பிடித்தது நீலத்தொண்டை. ஆணுக்கு மட்டும்தான் அந்த நீலம், பெண் சாம்பல் நிறம். ஜோடியாக வைக்க முடிகிற அபூர்வமான டிரிகர் இது. கோமாளிகளோடு பெரும்பாலும் ஒத்துப்போகும், சின்ன இறால் விஷயத்தில் நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஐந்தடித் தொட்டியாவது வேண்டும், மூடியும் வேண்டும். பயந்தால் குதிக்கும், காலையில் தரையில் காய்ந்து கிடக்கும்.

தீனியைப் பற்றிக் கேட்டீர்கள். அளவைக் கூட்டுவதைவிடப் பல்லுக்கு வேலை கொடுங்கள். டிரிகரின் பல் வாழ்நாள் முழுக்க வளரும், தேயாவிட்டால் வாயை மூட முடியாமல் போகும். ஓட்டோடு இறால், பாதி திறந்த சிப்பி, கணவாய்த் துண்டு என்று நாளுக்கு இரண்டு மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சிப்பியை உடைக்க அரை மணி நேரம் மெனக்கெட்டால் அந்த அரை மணி நேரம் கோமாளி தப்பித்தது. சிப்பியைக் கடையில் உறைய வைத்ததாக வாங்குவதே நல்லது, பாறையில் பெயர்க்க பெர்மிட் வேண்டும். ஜூன், ஜூலையில் சார்டின் கரைக்கு வரும்போது இலவசமாகக் கிடைக்கிறதே என்று அதையே போட்டுக்கொண்டிருக்காதீர்கள். எண்ணெய் தண்ணீரைக் கெடுக்கும். அதோடு சில மீன்களிலும் சிப்பிகளிலும் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் தயமினேஸ் இருக்கிறது, ஒரே தீனியை மாதக்கணக்கில் கொடுத்தால் மீன் இளைத்துவிடும்.

இவ்வளவு தின்கிற மீன் அவ்வளவு கழிக்கவும் செய்யும். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரை, தொட்டியின் அளவுக்குச் சொல்லப்பட்டதை விட ஒரு படி பெரிதாக வாங்குங்கள். தண்ணீரைக் கடற்கரையில் மொண்டு வருபவராக இருந்தால், மழைக்குப் பிறகு ம்கேனி ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் போகவே வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் டர்பன் கடற்கரைகளே மூடிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நான் உப்புக் கலந்துதான் தயாரிக்கிறேன்.

மின்சார விஷயத்தை ஒத்திப்போடாதீர்கள். இந்த மீன் வயரைக் கடிக்கும். என் அன்டியுலேட் ஹீட்டர் வயரைச் செம்பு தெரியும்வரை உரித்துவிட்டது, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்ததால் பிழைத்தோம். ஹீட்டரைக் கீழே வடிகட்டித் தொட்டியான சம்ப்பில் வையுங்கள், இல்லையென்றால் கூண்டு போட்டு வையுங்கள். வயர் தொட்டிக்குள் தொங்கக் கூடாது. பாறைகளை மணலுக்கு மேல் வைக்காமல் கண்ணாடித் தரையிலேயே உட்கார வைத்து, பிறகு மணல் போடுங்கள். அடியில் தோண்டிச் சரித்துவிடும். மின்வெட்டு (லோட் ஷெடிங்) வந்தால் பேட்டரி காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். 2022, 2023-இல் நான்கு மணி நேரம் மின்சாரம் போய்விட்ட இரவுகளில் முதலில் மூச்சு வாங்கியது பெரிய மீன்கள்தான்.

மஞ்சள் டேங்கை இப்போதைக்கு எங்கும் அனுப்ப வேண்டாம். அது வேகமாக ஓடும், வால் அடியில் கத்தியும் வைத்திருக்கிறது, ஆறடித் தொட்டிக்கு அதுவும் கூடவே போகட்டும். கிழிந்த வால் கோமாளியைத் தினமும் பாருங்கள். துடுப்பு மட்டும் போயிருந்தால் சுத்தமான தண்ணீரில் சில வாரங்களில் வளர்ந்துவிடும். வால் முளைக்கும் சதை வெளுத்தோ பஞ்சு மாதிரியோ தெரிந்தால் அதைத் தனித் தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை பாருங்கள். மருந்து எதையும் பாறையுள்ள பெரிய தொட்டியில் ஊற்றாதீர்கள்.