உறுமியது கோபத்தில் இல்லை

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 12 வயது, எடை 38 கிலோ. படுத்தால் எழுந்திருக்கவே சிரமப்படுகிறான். டைல்ஸ் தரையில் பின்னங்கால் வழுக்குகிறது. ராத்திரி தூங்காமல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறான். சில நாள் படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுகிறது. போன வாரம், கட்டிக்கொள்ளப் போன என் 8 வயது மகளைப் பார்த்து உறுமிவிட்டான். “அவனுக்கு என்னைப் பிடிக்கலையா?” என்று கேட்டு அழுகிறாள். வயதானால் இப்படித்தானா? நாங்கள் போடும் மூட்டுவலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? வாக்கிங்கை நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் மாத்திரை விஷயம், அதுதான் அவசரம். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். மனிதர்கள் போடும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றில் புண்ணாக்கி ரத்தக்கசிவு வரவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாந்தியோ கறுப்பாக மலமோ இருந்தால் இன்றைக்கே கூட்டிப்போக வேண்டும்.

வயதானால் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். முகம் நரைப்பதும், கண்ணில் லேசாக நீலப்புகை படர்வதும், காது மந்தமாவதும் வயதால் வருபவை. எழ முடியாமல் தவிப்பது அப்படியல்ல. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், மூட்டுத் தேய்மானத்தின் வலியைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். வலித்தால் நாய் கத்தும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். நாள்பட்ட வலியில் பெரும்பாலும் அது கத்தாது. படியேறுவதைத் தவிர்க்கும், மூட்டை நக்கும், தொட்டால் விலகும். பின்னங்கால் தசை மெலிந்திருக்கிறதா என்று இரண்டு கையாலும் தடவிப் பாருங்கள்.

இதற்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கல்லீரலும் சரியாக இருந்தால், நாய்களுக்கென்றே அளவிட்ட மெலாக்ஸிகாம், கார்ப்ரோஃபென் போன்ற மருந்துகளை மருத்துவர் எழுதித்தருவார். ஸ்டீராய்டு ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால் அதை அவரிடம் மறைக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. இன்னொன்று: மருத்துவமனைப் பதற்றத்தில் பல நாய்கள் நொண்டாமல் நடந்து காட்டிவிடும். அதனால் வீட்டில் எழுந்திருப்பதையும் ராத்திரி நடப்பதையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

மருந்துக்குச் சமமாக நான் நம்புவது எடைக் குறைப்பை. 38 கிலோ பெரும்பாலான லாப்ரடார்களுக்கு அதிகம். விலா எலும்பை அழுத்தாமலே விரலால் உணர முடியாவிட்டால் உடம்பில் கொழுப்பு கூடியிருக்கிறது. 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. கூடப்பிறந்த நாயைவிட கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக ஏறக்குறைய 2 வருடம் அதிகம் வாழ்ந்தன; மூட்டுக்கு வைத்தியம் தேவைப்பட்டதும் தாமதமாகத்தான். தட்டை நக்கிவிட்டு முகம் பார்ப்பான். மனசு கேட்காது, தெரியும். அந்த நேரத்தில் ஒரு கவளத்துக்குப் பதில் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள்.

வாக்கிங்கை நிறுத்தாதீர்கள், உடைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் 40 நிமிஷம் நடப்பதற்குப் பதில் 10 நிமிஷமாக மூன்று, நான்கு தடவை. அவன் மோப்பம் பிடிக்கிற இடத்தில் நில்லுங்கள், இழுக்க வேண்டாம். படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் வழுக்காத ரப்பர் பாயை விரியுங்கள். நகம் வளர்ந்தாலும் பாத இடுக்கில் முடி அடர்ந்தாலும் வழுக்கல் கூடும், இரண்டையும் வெட்டிவிடுங்கள்.

ராத்திரி நடை வலியாலும் இருக்கலாம், முதுமை மறதியாலும் இருக்கலாம். மூலையில் மாட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் நிற்பது, சுவரையே வெறிப்பது, கதவு திறக்காத பக்கம் போய்க் காத்திருப்பது இதெல்லாம் மறதியின் அடையாளங்கள். அதற்கும் மருந்து உண்டு. ஆனால் வலியை முதலில் பாருங்கள். அது அடங்கியதும் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்த நாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

சிறுநீர் விஷயத்தில் திட்டுவது கொடுமை. எழ முடியாமல் அடக்கிப் பார்த்துத் தோற்றிருக்கலாம், தூக்கத்தில் தெரியாமலே ஒழுகியிருக்கலாம். தண்ணீரைக் குறைக்காதீர்கள், அளந்து வையுங்கள். 24 மணி நேரத்தில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது இவனுக்கு 3.8 லிட்டருக்கு மேல் குடித்தால் சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், ஹார்மோன் கோளாறு எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தாலும், முன்பைவிடத் தாகம் கூடியிருந்தால் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும் நாளில் காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான குப்பியில் பிடித்துக்கொண்டு போனால் வேலை சுலபம்.

இனி உங்கள் மகள். அவளை அவனுக்குப் பிடிக்கும் என்று சொல்லுங்கள். இடுப்பு வலிக்கிற நேரத்தில், காதும் மந்தமான நிலையில், பின்னாலிருந்து வந்து அணைத்தால் அவன் திடுக்கிடுவான். “தொடாதே, வலிக்குது” என்று சொல்ல அவனுக்கு இருக்கிற மொழி உறுமல்தான். உறுமியதற்காக அடித்தால் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கக்கூடும். அவன் படுத்திருக்கும்போது அவள் மேலே சாய வேண்டாம். அவள் முன்பக்கமாக வந்து தரையை லேசாகத் தட்டட்டும், அவனாக எழுந்து வரட்டும். பெரியவர் ஒருவர் கூடவே இருங்கள்.

அவளுக்கு ஒரு பொறுப்பும் கொடுங்கள். அவன் நன்றாகத் தூங்கும்போது, எட்ட உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடி மூச்சை எண்ணட்டும். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. அதை இரண்டால் பெருக்கி ஒரு நோட்டில் தினமும் எழுதட்டும். 30-க்குள் இருந்தால் சரி. அதைத் தாண்டிக்கொண்டே இருந்தால் இதயமோ நுரையீரலோ சிரமப்படலாம்; அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள், அவள் நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.