ஒலியைப் படமாகக் காட்டும் கெமரா: வாங்கலாமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு பார்க்கிறேன். தேயிலையிலிருந்து காம்பை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோட்டருக்குக் காற்று கொடுக்கும் கம்பிரசர் ஓயாமல் ஓடுகிறது, மின்கட்டணம் ஏறுகிறது. காற்று கசியும் இடத்தைத் திரையில் காட்டும் கெமரா என்று ஒருவர் விற்க வந்தார். ஆஸ்பத்திரி ஸ்கேன் போல, சுவருக்குள் இருக்கும் குழாயையும் காட்டுமாம். நம்பலாமா?

பதில்: கெமரா உண்மை, சுவர்க்கதை பொய். ஆஸ்பத்திரி ஸ்கேன் தானே மீயொலியை, அதாவது காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியை, உடலுக்குள் அனுப்பி, திரும்பும் எதிரொலியைப் படமாக்குகிறது. இடையில் காற்று புகுந்தால் படம் கெட்டுவிடும் என்றுதான் ஜெல் பூசுகிறார்கள். உங்களிடம் காட்டிய கருவி எதையும் அனுப்புவதில்லை, கசிவின் ஒலியைக் கேட்க மட்டுமே செய்கிறது. காற்றில் வரும் மீயொலியோ சுவரில் பட்டால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும்.

எண்ணம் பழையதுதான். குவார்ட்ஸ் தகட்டில் விழும் மீயொலி உண்டாக்கும் மின்னூட்டத்தை எலெக்ட்ரோன் கற்றையால் வருடிப் படமாக்கும் குழாயை, சோவியத் விஞ்ஞானி செர்கேய் சொகொலோவ் 1930களிலேயே வடிவமைத்தார். இப்போது தகட்டின் இடத்தில் நுண்ணிய மைக்ரோபோன்கள்: புளூக் ஐஐ900 கருவியில் 64, ஃபிளிர் எஸ்ஐ124 கருவியில் 124. கசியும் காற்றின் ஒரே சீறல் ஒவ்வொன்றையும் எட்டும் நேர வித்தியாசத்திலிருந்து திசையைக் கணித்து, வீடியோப் படத்தின் மேல் வண்ணத் திட்டாக வைக்கிறது. கொழுந்தை உருட்டும் ரோலர்களின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கும். கசிவின் சீறலோ நம் காதுக்கு எட்டாத 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேலும் பரவும். அதனால் வேலை நடக்கும்போதே பிடிபடும்.

ஆனால் தகரச் சுவரில் ஒலி தெறித்தால், கசிவே இல்லாத இடத்திலும் திட்டுத் தோன்றும். இரண்டடி நகர்ந்து பாருங்கள்: உண்மைக் கசிவு இணைப்பிலேயே நிற்கும், போலி இடம் மாறும். சோட்டர் காம்பை ஊதித் தள்ளும் ஒவ்வொரு முறையும் அதுவும் திரையில் மின்னும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே ஒரு தொழிற்சாலைக்கு இதை வாங்குவது, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்கு. முதலில் வேலை முடிந்த இரவில், காற்றைப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு கம்பிரசரை மட்டும் ஓட விடுங்கள். அழுத்தமானி இறங்கி, கம்பிரசர் திரும்பத் திரும்பக் காற்றேற்றினால் கசிவு நிச்சயம். பிறகு சவர்க்காரத் தண்ணீரும் ஒரு தூரிகையும் போதும். வளையும் குழாய் மாட்டும் இணைப்புகளில் தொடங்குங்கள். கூரையோரக் குழாய்களுக்கு வேண்டுமானால் கருவியோடு வந்து பார்த்துத் தருபவரை ஒரு நாளைக்கு அழைக்கலாம். பல தொழிற்சாலைகள் சேர்ந்து வாங்கினால் கதை வேறு.

அப்படி வாங்கினாலும், உங்கள் கண்முன் உங்கள் குழாயில் ஓட்டிக் காட்டிய பிறகே பணம். அவர் வாயால் சொன்ன திறன்களையும் உத்தரவாதக் காலத்தையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற தொலைபேசி எண்ணில் அழைத்து முறையிட நேர்ந்தால், கையில் இருக்க வேண்டியது அந்தத் தாள்தான்.