தேக்குச் சட்டத்தில் கழுந்து ஒல்லியானால்

மியான்மரின் மௌலமியானில் சாமி அலமாரிக்குச் சட்டம் செய்கையில் கழுந்து (இன்னொரு சட்டத்தின் துளைக்குள் நுழையும் முனை) 2 மி.மீ. ஒல்லியாகிவிட்டது, முகப்பிலும் ரம்பம் கோட்டைத் தாண்டிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். நல்ல தேக்கு, தூக்கிப் போடாதீர்கள் தம்பி.

மிச்சமான அதே மரத்திலிருந்து மெல்லிய பட்டைகள் எடுத்து, ரேகை ஒரே திசையில் ஓட, கழுந்தின் இரு பக்கமும் ஒட்டுங்கள். ஒரே பக்கம் ஒட்டினால் சட்டம் விலகி நிற்கும். கொஞ்சம் தடிமனாகவே ஒட்டி, அப்புறம் துளைக்குப் பொருந்தும்வரை இழையுங்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடையுங்கள், இல்லாவிட்டால் பசை சரியாகப் பிடிக்காது. எபாக்ஸி பசை நல்லது.

முகப்புக் கீறலுக்கு மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கவே வேண்டாம். பாலிஷ் போட்டதும் அந்த இடம் மட்டும் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். ஆப்பாகச் சீவிய தேக்குச் சில்லைப் பசையோடு செருகி, காய்ந்தபின் உளியால் மட்டமாகச் சீவிவிடுங்கள்.