நாவல் பழம் இருக்க ப்ளூபெர்ரி எதற்கு?

கேள்வி: ப்ளூபெர்ரி சாப்பிட்டால் குடலில் நல்ல பாக்டீரியா பெருகும் என்று என் மகள் சின்ன டப்பாவை அவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறாள். உண்மையா? நாவல் பழம் போதாதா?
- வாசகி, மதுரை

பதில்: மகள் சொல்வதில் உண்மை இருக்கிறது அம்மா. அந்தப் பழத்துக்கு நீல நிறம் தருவது ஆந்தோசயனின். அதில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்விடுகிறது, அங்கே இருக்கிற பாக்டீரியாக்கள்தான் அதைச் சின்னச் சின்ன மூலக்கூறுகளாக உடைக்கின்றன, அவைதான் அப்புறம் ரத்தத்தில் கலக்கின்றன. கூட வரும் நார்ச்சத்தையும் அதே பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து ப்யூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கின்றன. பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அதுதான். ப்ளூபெர்ரி கொடுத்துப் பார்த்த சில ஆய்வுகளில் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியா கூடியிருக்கிறது. ஆனால் அவை கொஞ்சம் பேரை வைத்து, சில வாரங்களே நடந்தவை.

நாவல் பழத்திலும் ஆந்தோசயனின் உண்டு, தின்றதும் நாக்கு ஊதாவாகிறதே, அதுதான். ப்ளூபெர்ரி அளவுக்கு அதை ஆராயவில்லை, அதனால் அச்சு அசலாக அதே பலன் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் ஆனி, ஆடியில் தள்ளுவண்டியில் வரும்போது தாராளமாக வாங்குங்கள், தோலோடு சாப்பிடுங்கள். நார்ச்சத்துக்குக் கொய்யாதான் கெட்டி: 100 கிராமில் 5 கிராமுக்கு மேல், ப்ளூபெர்ரியில் சுமார் 2.4 கிராம்தான். எதையும் ஜூஸாக்கி வடிகட்டாதீர்கள், நார்ச்சத்து சக்கையோடு போய்விடும். வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால், நாவல் பழத்தை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.