அந்தக் கடைசி அழைப்பை யார் சொல்வது?

கேள்வி: என் கணவர் அமெரிக்கர். மாமனார் பென்சில்வேனியாவில் ஒரு பல்கலைக்கழக வளாகக் காவல்துறையின் தலைவர். நகரப் போலீசில் 7 வருஷம், வளாகத்தில் 24 வருஷம், ஆக 31 வருஷ சர்வீஸ். ஜூன் 30 அன்று ஓய்வு பெறுகிறார். விழாவில் குடும்பத்தின் சார்பில் நான் பேச வேண்டுமாம். 12 நிமிஷத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். என் கணவரோ, "நான் பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட அப்பா தன் வளாகத்து விழாவுக்குக் காவல் நிற்கப் போனார், வரவில்லை. நான் வீடியோ அனுப்பிவிடுகிறேன்" என்கிறார். என்ன பரிசு கொடுக்கலாம்? கேடயமா, கைக்கடிகாரமா? போலீஸ் ரேடியோவில் அவருக்கான கடைசி அழைப்பை வீட்டில் ஒருவர் சொல்லலாம் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். இரண்டு நிமிஷ விஷயம்தானே, நீங்களே யாரையாவது வைத்துச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். விழா நல்லபடியாக நடக்க வழி சொல்லுங்கள்.
– கலிபோர்னியாவிலிருந்து ஒரு வாசகி

பதில்: கேடயமும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம். அவருடைய பேட்ஜையும் தோள் சின்னங்களையும் கண்ணாடிப் பெட்டியில் பதித்து அலுவலகத்திலேயே கொடுப்பார்கள். வாத்தியார் வீடு, பஸ் டிரைவர் வீடு, பேங்க் மேனேஜர் வீடு என்று எந்த வீட்டிலிருந்து ஓய்வு விழாக் கடிதம் வந்தாலும் முதலில் பரிசைத்தான் கேட்கிறார்கள். அந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.

"இரண்டு நிமிஷ விஷயம்தானே" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. யாரைக் கேட்டு அதை வேண்டாம் என்றீர்கள்? மாமியாரைக் கேட்டீர்களா? உங்கள் கணவருக்காவது இப்படி ஒன்று கேட்டார்கள் என்று தெரியுமா? தெரிந்ததாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. கேட்டது குடும்பத்தை. பதில் சொன்னது நீங்கள் ஒருத்தி.

அந்த அழைப்பு என்னவென்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில் அவருடைய எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ரோந்து வண்டியில் இருப்பவர், வாசலில் நிற்பவர், எல்லோர் தோளில் இருக்கும் மைக்கிலும் அது கேட்கும். அவர் பதில் கொடுப்பார். இத்தனை வருஷம் பணி செய்தீர்கள், உங்கள் காவல் முடிந்தது, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அங்கிருந்து சொல்வார்கள். அவர் கடைசியாக ஒரு தரம் பட்டனை அழுத்தி, சரி என்று சொல்லிவிட்டு ரேடியோவைக் கழற்றி வைப்பார். அவ்வளவுதான். பல ஊர்களில் இதை மகளோ மகனோ மனைவியோ சொல்வது வழக்கம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பணியில் இறந்துபோன காவலருக்கும் இதே அழைப்பு உண்டு. எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பதில் வராது. மறுபடி கூப்பிடுவார்கள். அந்த மௌனத்துக்குப் பிறகுதான் அவர் காவல் முடிந்தது என்று அறிவிப்பார்கள். உங்கள் மாமியார் 31 வருஷமாக எந்த அழைப்புக்குப் பயந்துகொண்டு படுத்தாரோ அது இதுதான். இப்போது அவர் வீட்டுக்கு வந்திருப்பது பதில் வருகிற அழைப்பு. அதைப் போய் இரண்டு நிமிஷ விஷயம் என்கிறீர்கள்.

வளாகப் போலீஸ் என்றால் சைக்கிள் திருட்டும் பார்க்கிங் அபராதமும்தான் என்று நம்மில் பலருக்கு நினைப்பு. எனக்கும் அப்படித்தான் இருந்தது, 2007 ஏப்ரல் 16 வரைக்கும். அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைச் சுட்டுக் கொன்றான் ஒரு மாணவன். வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் லோகநாதன் அதில் ஒருவர். நம் கோபிசெட்டிபாளையத்துப் பக்கத்திலிருந்து போனவர். கட்டடத்தின் கதவுகளை உள்ளேயிருந்து சங்கிலி போட்டுக் கட்டியிருந்தான். வேறொரு கதவின் பூட்டைச் சுட்டு உடைத்துக்கொண்டு போலீஸ் உள்ளே போனது. மறு வருஷமே சட்டத்தைத் திருத்தி, ஆபத்து உறுதியானால் வளாகம் முழுவதற்கும் உடனே எச்சரிக்கை போக வேண்டும் என்று ஆக்கினார்கள். அப்படித் திருத்திய சட்டம் 1990-லிருந்தே இருக்கிறது. உங்கள் மாமனாரின் மாநிலத்திலேயே, லீஹை பல்கலைக்கழக விடுதியில் 1986-இல் கொல்லப்பட்ட 19 வயதுப் பெண் ஜீன் கிளெரியின் பெற்றோர் போராடி வாங்கியது அது. வளாகத்தில் நடந்த குற்றங்களின் கணக்கை ஒவ்வொரு அக்டோபர் 1-க்குள்ளும் வெளியிட்டாக வேண்டும். உங்கள் மாமனார் படுக்கைப் பக்கத்தில் போனை வைத்துத் தூங்கிய வருஷங்கள் இவை. அடுத்தவர் பெற்ற பிள்ளைகளுக்காக.

அதற்காக உங்கள் கணவரிடம் போய், "உங்கள் அப்பா எவ்வளவு பெரிய வேலை பார்த்தார் தெரியுமா" என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை வருஷம் வாய் திறக்கவில்லை. மே மாதத்துச் சனிக்கிழமையில் தன் வளாகத்துப் பட்டமளிப்பு விழாவுக்குக் காவல் நின்ற மனிதர், அதே நாளில் மகன் மேடை ஏறியதைப் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான பெற்றோர் அவரைத் தாண்டித் தங்கள் பிள்ளைகளைப் பார்க்கப் போனார்கள். இது நியாயமான குறைதான். அப்பா செய்தது கடமை, மகனுக்குப் பட்டதும் உண்மை. இரண்டில் ஒன்றைப் பொய்யாக்கித்தான் விழா நடக்க வேண்டும் என்றால் அந்த விழாவே வேண்டாம்.

ஆனால் வீடியோ அனுப்பும் பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்பா வராததற்கு வேலை காரணம். மகன் வராமல் இருக்க என்ன காரணம்? பெற்றவர் பணியிலிருந்து இறங்கும் நாளில் பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டும். கோபம் இருந்தால் கோபத்தோடு வந்து நிற்கட்டும். இதில் நான் பழைய காலத்து ஆள்தான், மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இல்லை.

முதலில் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்து, அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், அந்த அழைப்பு எங்கள் வீட்டுடையது என்று சொல்லுங்கள். அப்புறம் மாமியாரைக் கேளுங்கள். அவர் சொல்ல ஆசைப்பட்டால் அவர்தான், மறுபேச்சே கிடையாது. அவர் மகன் பக்கம் கை காட்டினால் உங்கள் கணவரிடம் ஒரு வார்த்தை சேர்க்காமல் அதை அப்படியே சொல்லுங்கள்: "ரேடியோவில் அப்பாவைக் கூப்பிட்டு, வேலை முடிந்தது, வீட்டுக்கு வாங்க என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம். அம்மா உங்களைச் சொல்கிறார்." சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுங்கள். உடனே பதில் கேட்டு நிற்காதீர்கள்.

உங்கள் பேச்சு 3 நிமிஷம் போதும். எத்தனை கேமரா வைத்தார், ஆபத்தில் உதவிக்குக் கூப்பிட எத்தனை நீல விளக்குப் போன் கம்பம் நட்டார் என்பதையெல்லாம் பல்கலைக்கழகத் தலைவர் சொல்வார். நீங்கள் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன பிறகு கண்ணால் பார்த்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

உங்களுக்கும் பென்சில்வேனியாவுக்கும் 3 மணி நேர வித்தியாசம். மாமியார் படுக்கப் போவதற்குள் கூப்பிடுங்கள்.